முழங்கால் வலியோடு அந்தமான் போகலாமா?

வாசகர் கேள்வி-பதில்

அந்தமானுக்கு வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு இந்த இதழ் முழுக்க. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, நீல் தீவு ஷஹீத் தீவு. ஆனால் டிக்கெட் போடும் இடம் முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை பழைய பெயர்தான் இன்னும் காதில் விழும், அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 75, அம்மாவுக்கு 71. அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், செல்லுலார் சிறையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், சமதரையில் கால் மணி நேரம் நடப்பார், படி என்றால் பயம். டூர்காரர் ‘5 நாளில் எல்லாத் தீவும் காட்டிடலாம் சார்’ என்கிறார். சரியா வருமா?
- வாசகர், சேலம்

பதில்: போகலாம், ஆனால் அந்த 5 நாள் திட்டத்தோடு வேண்டாம். எல்லாரும் ‘எவ்வளவு தூரம் நடக்கணும்’ என்றுதான் கேட்கிறார்கள். அந்தமானில் வயதானவர்களைக் களைப்பாக்குவது நடை இல்லை, ஏறி இறங்குவதுதான். ஹோட்டலில் இருந்து வண்டி, வண்டியில் இருந்து படகுத்துறை, ஏறுபலகை வழியாக ஃபெரி, மறுபடி இறங்கி ஜீப், அப்புறம் கடற்கரையில் இன்னொரு சின்னப் படகு என்று ஒரு நாளில் எட்டு பத்து தடவை முழங்கால் மடங்கி நிமிர வேண்டியிருக்கும். அதனால் டூர்காரரிடம் கிலோமீட்டர் கணக்கைக் கேட்காதீர்கள், ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை படகில் ஏற வேண்டும் என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு போக ஒரு வர, அதற்கு மேல் இருந்தால் அந்த நாளை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

செல்லுலார் சிறைக்குப் படகே வேண்டாம், ஊருக்குள்ளேயே இருக்கிறது, வாசல் வரை கார் போகும். 1896இல் கட்ட ஆரம்பித்து 1906இல் முடித்தார்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து 7 திசையில் 7 நீளமான கட்டடங்கள், ஒவ்வொன்றும் 3 மாடி. ஒரு கட்டடத்தின் முன்பக்கம் அடுத்ததன் முதுகைப் பார்க்கிற மாதிரி வைத்திருப்பதால் ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே முடியாது. இன்று 3 கட்டடங்கள்தான் மிச்சம். வளாகத்திலேயே ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனை இருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற உங்களுக்கு அது ஒரு தைரியம்.

கீழ்த்தளம், முற்றம், புகைப்படக் கூடம் எல்லாம் அம்மா நிதானமாகப் பார்க்கலாம், கீழ்த்தளத்து அறைகளே போதும் அந்த இடம் என்ன என்று புரிய. சாவர்க்கர் இருந்த அறை மேல் மாடியின் கோடியில் இருக்கிறது, மொட்டைமாடியில் இருந்து ராஸ் தீவும் கடலும் தெரியும், ஆனால் அதற்கெல்லாம் படி ஏற வேண்டும். அப்பா நீங்கள் கூட வர ஏறட்டும், அம்மா முற்றத்து மரத்தடியில் உட்காரட்டும். இரண்டு பேரையும் எல்லா இடத்துக்கும் சேர்த்தே இழுத்துப் போக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்புறம், சிறையைக் காலையில் பார்த்துவிட்டு, ஒலி-ஒளிக் காட்சிக்கு வேறு ஒரு நாள் மாலை தனியாக வாருங்கள். ஒரே மாலையில் இரண்டையும் அடைத்தால் அப்பா அந்தச் சுவர்களின் முன்னால் நிற்கக் கிடைப்பது பத்து நிமிடம்தான். பல வருடம் காத்திருந்தவருக்கு அது போதாது.

கேள்வி: நாங்கள் ஓய்வுபெற்ற தோழிகள் ஆறு பேர், எல்லாரும் 65க்கு மேல். ராஸ் தீவும் நார்த் பேயும் ஒரே நாளில் என்று பேக்கேஜ் தருகிறார்கள். நடக்க முடியுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: ராஸ் தீவுக்குக் கட்டாயம் போங்கள், நார்த் பேயை விட்டுவிடுங்கள். ராஸ், அபர்தீன் படகுத்துறையில் இருந்து படகில் கால் மணிக்குள் போய்ச் சேருகிற குட்டித் தீவு. உள்ளே பேட்டரி வண்டி ஓடுகிறது, அதில் ஏறிக்கொண்டால் மேட்டுப் பகுதியை நோகாமல் பார்த்துவிடலாம். பிரிட்டிஷ்காரர்கள் அந்தமானை ஆண்ட தலைமையிடம் இதுதான்: சர்ச், நடன மண்டபம், ரொட்டிச்சூளை, கமிஷனர் பங்களா எல்லாம் இருந்தன. 1941 நிலநடுக்கத்துக்குப் பிறகு காலி செய்தார்கள், 1942இல் ஜப்பான்காரர்கள் வந்தார்கள், அவர்கள் கட்டிய பதுங்கு குழியைப் படகை விட்டு இறங்கியதுமே பார்க்கலாம். இன்று அந்தச் சுவர்களை ஆல் அத்தி வகை மரங்களின் வேர்கள் பிடித்து நிற்கின்றன, மானும் மயிலும் பக்கத்திலேயே திரியும்.

வண்டியில் மேலே போய், இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வருகிறேன் என்று நினைப்பீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது தலைகீழ். மேட்டில் ஏறும்போது மூச்சுதான் வாங்கும், சரிவில் இறங்கும்போதுதான் முட்டியில் முழு பாரமும் விழும். மூச்சு நன்றாக இருந்து முட்டி சரியில்லாதவர்கள் ஏறும்போது மெதுவாக நடந்து, இறங்க வண்டியைப் பிடியுங்கள். கலங்கரை விளக்கத்துக்குப் போகிற வழி படியில் கீழே இறங்குகிறது, இறங்கிய அத்தனையும் திரும்பி ஏற வேண்டும், ஆறு பேரில் நல்ல கால் இருக்கிற இரண்டு பேர் போய்ப் படம் எடுத்து வரட்டும்.

நார்த் பேயை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அது நீர் விளையாட்டுக்கான இடம். இன்னொரு தடவை படகு ஏறி இறங்கி, வெயிலில் மணலில் காத்திருந்து, அங்கிருந்து கண்ணாடி அடித்தளப் படகுக்கு மாறி... வேண்டாம். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களோடு ஒரு கடற்கரை இருக்குமே, அது நார்த் பே கரைதான். அந்தக் காட்சி மவுண்ட் ஹேரியட் மலையில் இருந்து தெரிவது. மலைக்கு இப்போது மவுண்ட் மணிப்பூர் என்று பெயர், உச்சி வரை கார் போகிறது, சாத்தாமில் இருந்து பாம்பூஃப்ளாட்டுக்கு வண்டியை ஏற்றிச் செல்லும் ஃபெரி இருப்பதால் பெரும்பாலும் உட்கார்ந்தே போய் வரலாம். வைஸ்ராய் மேயோ 1872இல் இந்த மலையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோதுதான் அடிவாரப் படகுத்துறையில் ஷேர் அலி என்ற கைதியால் கொல்லப்பட்டார். கதை சொல்லிக்கொண்டே போக நல்ல வழி.

கேள்வி: என் கணவருக்கு பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வீல்சேர்தான், கைப்பிடித்து நாலு அடி வைப்பார். கடல் என்றால் உயிர். ஹேவ்லாக் கடற்கரையில் அவரைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோக வழி உண்டா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உண்டு அம்மா. நேரம் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான். வீல்சேருக்கு எதிரி காய்ந்த மணல், முன் சக்கரம் இரண்டும் புதைந்து நின்றுவிடும். கடல் வற்றியிருக்கிற நேரத்தில் ஈர மணல் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கும், அதில் சாதாரண வீல்சேரே ஓடும். இடையில் இருக்கிற காய்ந்த மணல் பட்டையைத் தாண்டுவதுதான் வேலை. அங்கே நாற்காலியை முன்னால் தள்ளாதீர்கள், திருப்பி வைத்துப் பின்பக்கமாக இழுங்கள், பெரிய சக்கரம் முன்னால் போகும், சின்னச் சக்கரம் புதையாது. இழுக்க இரண்டு ஆள் வேண்டும், ஓட்டலில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பையன்களை அனுப்புவார்கள், கைக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

ராதாநகர் நீளமாகவும் அகலமாகவும் சமமாகவும் இருக்கிற கரை, இதற்கு மிகப் பொருத்தம். வண்டி நிற்கிற இடத்தில் இருந்து பெரிய மரங்களின் நிழலில் போனால் மணல் வந்துவிடும். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தருகிற நீலக்கொடிச் சான்றை இந்தக் கரை 2020இல் வாங்கியது, மாற்றுத்திறனாளிகளுக்கு வழி இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சான்றுக்கான விதிகளில் வருகிறது. ஆனால் எந்தக் கடற்கரையிலும் பாதை மழைக்கும் அலைக்கும் பெயர்ந்து போகும், அதனால் நீங்கள் போகிற வாரத்தில் அது எப்படி இருக்கிறது, வீல்சேர் நுழைகிற கழிப்பறை உண்டா என்று ஓட்டல்காரரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாயால் ‘எல்லாம் இருக்கு மேடம்’ என்பதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். காலாபத்தர் கரையில் சாலையே கடலை ஒட்டிப் போகிறது, அங்கே வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

அவர் தண்ணீரில் கால் வைக்க ஆசைப்பட்டால், உயிர்காக்கும் வீரர்கள் கொடி நட்டு அனுமதித்த பகுதியில் மட்டும் வையுங்கள். அந்தமான் கடலோரத்தில் உவர்நீர் முதலைகள் உண்டு, எச்சரிக்கைப் பலகையை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது.

விமானத்துக்கு வீல்சேர் உதவியை டிக்கெட் போடும்போதே கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லியிருக்க வேண்டும். ஹேவ்லாக் ஃபெரிக்குக் கீழ்த்தள இருக்கை எடுங்கள், மேல் தளம் என்றால் விலையும் கூட, படியும் கூட. ஏறுபலகையில் நாற்காலியோடு தூக்குவார்கள், தூக்குவதற்கு முன் சக்கரப் பூட்டைப் போட்டு, கால் பலகையைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அது கழன்று கையோடு வந்துவிடும். ஹேவ்லாக்கில் சின்ன ஆரம்ப சுகாதார நிலையம்தான், பெரிய சிகிச்சைக்கு போர்ட் பிளேர்தான் வர வேண்டும், அதனால் அங்கே 2 இரவுக்கு மேல் போடாமல் மீதி நாளை போர்ட் பிளேரில் வையுங்கள். அங்கே மெரினா பார்க் நடைபாதையில் கடலை ஒட்டி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போகலாம், கார்பின்ஸ் கோவ் கரைக்குக் கடலோரச் சாலை நல்ல சாலை.

கேள்வி: கடல் ஏற்றம், வற்றம் பார்த்துப் போகச் சொல்கிறார்களே, அதை எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், விருதுநகர்

பதில்: வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரே பாதி வேலையைச் செய்துவிடும். கடல் நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சுமார் 6 மணி நேரம், ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மிக உயரமாக ஏறி மிக ஆழமாக வற்றும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. சரியான மணி நேரத்தைப் போன் ஆப்பில் பார்க்கலாம், படகுத்துறையில் கேட்டாலும் சொல்வார்கள்.

இதில் நமக்கு என்ன? சிமெண்ட் படகுத்துறை அசையாது, படகு தண்ணீரோடு ஏறி இறங்கும். நன்றாக வற்றியிருக்கும்போது சின்னப் படகின் தளம் துறையைவிட வெகு கீழே போய்விடும், அதில் இறங்குவது 70 வயது முழங்காலுக்குத் தண்டனை. அதே படகில் 3 மணி நேரம் கழித்து, தண்ணீர் பாதி ஏறிய பிறகு, ஒரு எட்டு வைத்து ஏறிவிடலாம். நம் வீடுகளில் அஷ்டமி நவமியில் பயணம் கிளம்ப மாட்டார்கள், நம்பிக்கை உள்ளவர்கள் வீட்டை விட்டு அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள், ஆனால் படகு ஏற நல்ல நாள் எது என்று கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்வேன்.

ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பை முதுகில் அல்லது கூட வருகிறவர் கையில். படகுக்காரர் நீட்டுகிற விரலைப் பிடிக்காதீர்கள், அவருடைய முன்கையைப் பிடியுங்கள், அவரும் உங்கள் முன்கையைப் பிடிக்கட்டும், வியர்வைக் கை நழுவும். படகு அலையில் மேலே வருகிற நொடியில் எட்டு வையுங்கள். அவசரப்படுத்துவார்கள், பின்னால் வரிசை நிற்கும், நிற்கட்டும். புடவை கட்டுகிறவர்கள் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள், ரப்பர் செருப்பு வேண்டாம், குதிகாலில் வார் வைத்த செருப்புதான் சரி.

கேள்வி: நீல் தீவின் இயற்கைப் பாலத்தைப் பார்க்க ஆசை. எனக்கு 69, வாக்கிங் ஸ்டிக் உண்டு.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம் ஐயா என்றுதான் சொல்வேன். அந்தக் கல் வளைவுக்குப் போகிற வழி செத்த பவளப் பாறை, குண்டும் குழியும் பாசியும், அதுவும் கடல் வற்றினால்தான் போக முடியும். ஸ்டிக்கின் முனை பாறை இடுக்கில் மாட்டினால் ஆளையே சாய்த்துவிடும். நீல் தீவுக்கு அது இல்லாமலும் போகலாம், சின்னத் தீவு, பெரும்பாலும் சமநிலம், வயல், வாழை, காய்கறித் தோட்டம் என்று நம் ஊர் மாதிரியே இருக்கும், காலையில் வண்டி குறைந்த தார்ச்சாலையில் நடக்கிற நடைக்கே ஒரு நாள் தங்கலாம். பரத்பூர் கரை படகுத்துறைக்குப் பக்கம், லட்சுமண்பூர் கரையில் சூரியன் மறைவதைப் பாருங்கள்.

கேள்வி: பாரடாங் சுண்ணாம்புக் குகை?
- பலர்

பதில்: 70 தாண்டியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. போர்ட் பிளேரில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர், விடியற்காலை கான்வாயை, அதாவது போலீஸ் காவலோடு சேர்ந்து போகிற வண்டி வரிசையைப் பிடிக்க நடுராத்திரி தாண்டியதும் எழுந்து கிளம்ப வேண்டும், நினைத்த இடத்தில் நிறுத்திக் கழிப்பறை போக முடியாது, அப்புறம் ஃபெரி, அப்புறம் ஸ்பீட் போட், அப்புறம் கரடுமுரடான பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. சதுப்புநிலக் காட்டு ஓடை அழகுதான், மறுக்கவில்லை. மேலும் அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. வண்டியை நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது என்பது சட்டம், அவர்களைக் காட்சிப் பொருளாகப் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதற்குப் பதிலாக சாத்தாம் மரம் அறுக்கும் ஆலைக்குப் போங்கள். 1883இல் தொடங்கியது, சாத்தாமும் தனித் தீவுதான், ஆனால் பாலம் இருப்பதால் காரிலேயே போகலாம்.

கேள்வி: கப்பலா, விமானமா? எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, சர்க்கரையும் புராஸ்டேட்டும் உண்டு.
- வாசகர், சென்னை

பதில்: விமானம். இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். கப்பல் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் ஆகும், உள்ளே செங்குத்துப் படிகள், அலை அடித்தால் கழிப்பறைக்குப் போவதே கஷ்டம். ஹேவ்லாக்குக்குத் தனியார் அதிவேக ஃபெரி சுமார் ஒன்றரை மணி நேரம், மூடிய ஏசி அறை. அரசுக் கப்பல் மெதுவாகப் போகும், ஆனால் வெளியே நின்று காற்று வாங்கலாம், குமட்டல் வருகிறவர்களுக்குத் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது உதவும். எதில் போனாலும் நடுப்பகுதி இருக்கையைக் கேளுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: குமட்டலுக்குக் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரைகளில் பல, புராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது, தூக்கக் கலக்கத்தில் தடுமாறி விழவும் வைக்கும். பக்கத்து இருக்கைக்காரர் அன்பாக நீட்டினாலும் வாங்கிப் போடாதீர்கள், கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம், சர்க்கரை மாத்திரை போடுகிறவர் ஃபெரி தாமதமானால் சாப்பிட பிஸ்கட்டோ பழமோ பையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: எனக்கு 76. கணவர் இல்லை. நன்றாக நடப்பேன், ஆனால் மெதுவாக நடப்பேன், காது கொஞ்சம் மந்தம். நானும் என் நாத்தனாரும் போகலாம் என்றால் பிள்ளைகள் ‘வயசான காலத்துல எதுக்கும்மா’ என்கிறார்கள். ஹிந்தி தெரியாது.
- வாசகி, மதுரை

பதில்: போங்கள் அம்மா. நல்ல கால் இருக்கிறபோது போகாமல் எப்போது போவது? போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, அபர்தீன் பஜாரில் கடைக்காரரிடம் தமிழிலேயே கேட்கலாம், வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது, இட்லி தோசைக்குக் குறைவில்லை. பிள்ளைகளின் பயம் நியாயமானது, அதைத் திட்டத்தில் காட்டுங்கள்: போர்ட் பிளேரிலேயே ஒரே ஓட்டலில் 5 இரவு, லிஃப்ட் உள்ள இடம் அல்லது கீழ்த்தளத்து அறை, மேற்கத்திய கழிப்பறை, தினமும் அதே கார், அதே டிரைவர். ஹேவ்லாக்குக்கு உடம்பு ஒத்துழைத்தால் மட்டும் ஒரு இரவு. காது மந்தம் என்பதை டிரைவரிடமும் படகுக்காரரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், படகுத்துறையில் கத்துகிற எச்சரிக்கை உங்களுக்குக் கேட்காமல் போகக் கூடாது.

அங்கே இருட்டு சீக்கிரம் வரும். நம் கடிகாரம்தான், ஆனால் ஊர் வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும், படகுத்துறைப் படிகளில் வெளிச்சம் போதாது. அதனால் காலை 6 மணிக்கு நடை, 11 மணிக்குள் அறைக்குத் திரும்பிச் சாப்பாடு தூக்கம், மூன்றரைக்கு மறுபடி கிளம்பி 6 மணிக்குள் அறை, இந்தக் கணக்கில் வையுங்கள். ஜனவரி பாதியில் இருந்து மார்ச் வரை கடல் பெரும்பாலும் அமைதி. பணம் கொஞ்சம் கையில் இருக்கட்டும், தீவுகளில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், பிள்ளைகளிடம் ‘போன் எடுக்கலைன்னா பதறாதீங்க, ராத்திரி 8 மணிக்குள் நானே பேசுவேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று உங்கள் பையிலும் ஒன்று நாத்தனார் பையிலும் இருக்கட்டும்.